அக்காவுக்குப் பிடிக்காத நிறம்

அக்கா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு துணிப்பை. பின்னால் தம்பி ராஜன் ஆட்டோவிலிருந்து அவளுடைய பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தான். கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. முந்தின நாள் மழையில் தெரு முழுக்கச் சகதி.

நான் உள்ளே கூடத்தின் நடுவில் நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் நீளச் சுவர். இரண்டு வாரத்துக்கு முன்புவரை அது க்ரீம் கலரில் இருந்தது. அதற்கு முந்தின வருஷமும் க்ரீம். அதற்கும் முந்தின இருபது வருஷமும் க்ரீம்தான். இப்போது நீலமா பச்சையா என்று சொல்ல முடியாத ஒரு ஆழ்ந்த நிறத்தில் இருந்தது. மயில்கழுத்துப் பட்டுச் சேலை ஒன்றை ரொம்ப வருஷம் பீரோவில் வைத்திருந்து எடுத்தால் பளபளப்பு எல்லாம் அடங்கி ஒரு நிறம் வருமே, அது.

முப்பத்து மூன்று வருஷம் பெண்பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்தியவள் நான். ஆய்வுக்கு வந்த அதிகாரிகளே என்னிடம் கொஞ்சம் தள்ளி நின்றுதான் பேசுவார்கள். அன்றைக்கு அந்தச் சுவரை என் முதுகால் மறைக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா உள்ளே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். 'இது என்னட்டி கோலம்?' என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. அவள் திட்டினால் சமாளித்துவிடுவேன். பேசாமல் நின்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது.

இரண்டு டீச்சர்கள்

இந்த வாரம்தான் முதன்முதலாக இந்தப் பக்கத்தைப் புரட்டியிருப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அக்கா பெயர் ஞானம். என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவள். நாங்கள் இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்பதைச் சில வாரங்களுக்கு முன்பு எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களுக்கே இன்னும் பதில் போட்டு முடியவில்லை, மறுபடி கேட்காதீர்கள்.

பாளையங்கோட்டையில் அப்பா கட்டிய வீட்டில்தான் இருவரும் இருந்தோம். தெருவில் அவள் 'பெரிய டீச்சர்', நான் 'சின்ன டீச்சர்'. எனக்கு அறுபத்து மூன்று வயதாகிறது, இன்னும் சின்ன டீச்சர்தான்.

போன வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு அக்கா கோயம்புத்தூரில் ராஜன் வீட்டுக்குப் போனாள். "கொஞ்ச நாள் இருந்துட்டு வாரேன்" என்றாள். மே போயிற்று, ஆடி போயிற்று, சபையில் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசன விருந்தும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போனில் பேசுவாள். எப்போது வருகிறாய் என்று கேட்டால் அங்கே காற்று நன்றாக இருக்கிறது என்பாள்.

நவம்பரில் ராஜன் பேசினான். "கிறிஸ்துமஸுக்கு அக்காவ கூட்டிக்கிட்டு வாரேன். விட்டுட்டு நான் நாசரேத்துல மாமியார் வீட்டுக்குப் போயிட்டு, இருபத்தாறாம் தேதி வாரேன். அன்னைக்கு ஒரு முடிவு பண்ணிருவோம்க்கா. பெரியக்கா அங்கன இருக்க மாட்டேன்னு சொல்லிட்டான்னா வீட்ட வித்துருவோம். நீயும் எங்ககூட வந்துரு. ஒத்தையில எப்படி இருப்ப?"

அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஐந்து அறையுள்ள வீட்டில் ஒருத்தி இருப்பதில் நியாயமும் இல்லை. ஆனால் எனக்கு அந்த வீடு வேண்டும். அக்கா இல்லாத அந்த வீட்டில் என்னால் ஒழுங்காகச் சாப்பிடக்கூட முடியவில்லை என்பதை அவனிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது.

க்ரீம் காலம்

எங்கள் பக்கத்தில் வேதக்காரர் என்று சொல்லப்படும் கிறிஸ்தவர் வீடுகளில் கிறிஸ்துமஸ் பெயிண்ட் வாளியோடுதான் வரும். கேக்கும் நட்சத்திரமும் அதற்குப் பிறகு. டிசம்பரில் பெயிண்டர் கிடைக்க வேண்டுமென்றால் அக்டோபரிலேயே சொல்லிவைக்க வேண்டும். மழை விட்ட இடைவெளியில் தெருவில் எல்லா வீட்டுக் கட்டிலும் மேஜையும் வெளியே வந்து நிற்கும். யார் வீட்டில் என்ன சாமான் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

அப்பா காலத்தில் சுண்ணாம்பு. அதில் துணிக்குப் போடும் நீலத்தை ஒரு சிட்டிகை கலப்பார். பிறகு ராஜன் கல்யாணத்துக்கு ஒருமுறை ரோஸ் அடித்தோம். அக்கா ஹெட்மிஸ்ட்ரஸ் ஆன வருஷம் க்ரீமுக்கு மாறினாள். "வீடு வெளிச்சமா இருக்கணும்ட்டி" என்பாள். சுவர் மட்டும் என்று நினைக்காதீர்கள். கதவும் நிலையும் ஜன்னலும் க்ரீம். திரைச்சீலை க்ரீம். தரையில் பதித்த டைல்ஸ்கூட அதே வெளிறிய நிறம்தான். கூடத்தில் நான் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் என்னையே தேட வேண்டும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. மிஞ்சிய பெயிண்டை நாங்கள் எறிவதில்லை. டப்பாவை இறுக மூடிப் பரணில் ஏற்றி வைத்து, அடுத்த வருஷம் புதுப் பெயிண்டோடு ஊற்றிவிடுவோம். எப்படியும் அரை வாளி கூடும். க்ரீமில் க்ரீம் விழுந்தால் யாருக்கு என்ன தெரியப்போகிறது? எங்கள் தெருவில் பாதி வீட்டில் இதுதான் வழக்கம். இதை மறந்துவிடாதீர்கள், கொஞ்ச நேரத்தில் என் மானம் இதில்தான் போகப்போகிறது.

உடைந்தவை

அக்கா போவதற்கு முந்தின ஒரு வருஷம் வீட்டில் ஏதாவது உடைந்துகொண்டே இருந்தது. முதலில் கப்பு. மேஜை விளிம்பில் பாதி வெளியே இருக்கும்படி வைத்துவிட்டுப் போவாள், விழும். பிறகு என் மேஜை விளக்கு. சட்டினி கிண்ணம். காப்பி ஊற்றினால் டம்ளர் நிறைந்து வழிந்த பிறகுதான் நிறுத்துவாள். பின்வாசல் படியில் ஒருநாள் காலைத் தப்பாக வைத்து முட்டியைப் பேர்த்துக்கொண்டாள்.

எல்லாவற்றிலும் ஒழுங்கு பார்த்தவள் அக்கா. சாக்பீஸை உடைத்தால்கூடக் கோபப்படுவாள். அவள் இப்படி ஆனது எனக்கு எரிச்சலாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு எதன் மேலும் அக்கறை இல்லாமல் போய்விட்டது என்று நினைத்தேன். கண்ணைப் பற்றிச் சந்தேகமே வரவில்லை. ஏன் என்றால் தினமும் காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கணீரென்று வேதம் வாசிப்பாள். ஒரு வரி பிசகாது.

போன வருஷம் ஈஸ்டருக்குச் சபையிலிருந்து நாலைந்து பேர் சாப்பிட வந்திருந்தார்கள். அக்கா குழம்புச் சட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். மேஜை இருந்த இடத்துக்கு ஒரு சாண் இந்தப் பக்கம் வைத்தாள். வெள்ளை மேஜைவிரிப்பு, க்ரீம் தரை, போதகரம்மாவின் சேலை, எல்லாவற்றிலும் கறிக்குழம்பு.

வந்தவர்கள் முன்னால் நான் கத்தினேன். "கண்ண எங்கக்கா வச்சிருக்க? ஒனக்கு வரவர எல்லாத்துலயும் அலட்சியம்!"

ஒரு பள்ளிக்கூடத்தையே அதட்டி நடத்தியவள் குனிந்து துடைத்தாள். பத்து நாளில் கோயம்புத்தூருக்குப் போனாள். என் மேல் கோபம் என்று நினைத்தேன். எட்டு மாதம் அப்படித்தான் நினைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்கவும் மனம் வரவில்லை, விட்டுவிடவும் முடியவில்லை.

பல் டாக்டர் அறைச் சுவர்

ராஜன் பேசின வாரத்தில் எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. டாக்டர் அறையில் காத்திருந்தபோது எதிர்ச் சுவரில் அந்த நிறத்தைப் பார்த்தேன். புதிதாக அடித்திருந்தார்கள். அதன் முன்னால் ஒரு வெள்ளைச் செம்பருத்திச் செடி தொட்டியில் இருந்தது. செடிக்கு அவ்வளவு அழகு உண்டென்று அன்றைக்குத்தான் கண்டேன். என் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்களாம்.

"இது என்ன கலரும்மா?" என்று சீட்டு எழுதும் பெண்ணிடம் கேட்டேன்.

"தெரியல டீச்சர். டாக்டரோட வீட்டம்மா பாத்து அடிக்கச் சொன்னாவ. இங்கன வாரவங்க பூரா இருட்டா இருக்குன்னு சொல்லுதாவ."

வெளியே வந்து பேருந்துக்கு நின்றபோது ஒன்றை யோசித்தேன். எனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை. சின்ன வயதில் அம்மா எடுத்த துணி, பிறகு அக்கா சொன்ன க்ரீம், பள்ளிக்கூடத்துக்கு அவள் சரி என்று சொன்ன சேலைகள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு அந்த நிறம் பிடிக்காது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அது எனக்குப் பிடித்ததற்கு அதுவும் ஒரு காரணம். எட்டு மாதம் என்னைத் தனியே விட்டுவிட்டுப் போனாள் அல்லவா, வந்து பார்க்கட்டும் என்று ஒரு வீம்பு.

மைதீன் பாய்

எங்கள் வீட்டுக்குப் பத்து வருஷமாகப் பெயிண்ட் அடிப்பவர் மேலப்பாளையம் மைதீன் பாய். அதற்கு முன் சவுதியில் பதினாலு வருஷம் இதே வேலை. அதிகம் பேச மாட்டார். பேசினால் சவுதியில் பார்த்த வீடுகளைப் பற்றித்தான் பேசுவார்.

கடையிலிருந்து வாங்கிவந்த வண்ண அட்டையில் அந்த நிறத்தைக் காட்டினேன். அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பெரிய டீச்சருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு அடிப்போமே டீச்சர்."

"இந்த வீட்டுல நானும்தான் பாய் இருக்கேன்."

அவர் தலையை ஆட்டினார். "நல்ல கலருதான். அங்கன பெரிய வீடுகள்ல இதத்தான் கேப்பாவ. ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. சுவரு இப்படி அடங்குன கலரா இருந்தா, நிலை, கதவு, சுவிச்சு போர்டு எல்லாம் பளிச்சுன்னு வெள்ளையா இருக்கணும். இல்லன்னா வீடு குகையா போயிரும். அப்புறம் எனக்குத்தான் கெட்ட பேரு."

சரி என்றேன். கூடத்துக்கு மட்டும் அடிப்பது, அடுக்களையையும் மற்ற அறைகளையும் பழையபடி விட்டுவிடுவது என்று பேச்சு. என் வீம்பு அவ்வளவு தூரம்தான் எட்டியது.

கடையில் இயந்திரத்தில் வைத்துக் கலக்கிக் கொடுத்தார்கள். மைதீன் பாய் சுவரைத் தேய்த்து, ஓட்டை அடைத்து, நிலைகளுக்கு வெள்ளை அடித்து முடித்தார். பெயிண்டை வாளியில் ஊற்றி வைத்துவிட்டு மதியத் தொழுகைக்குப் போனார்.

நான் வாளியை எட்டிப் பார்த்தேன். ஒரு பெரிய கூடத்துக்கு இது காணுமா என்று தோன்றியது. கை தானாகப் பரணுக்குப் போயிற்று. போன வருஷத்து க்ரீம் டப்பா கனமாகவே இருந்தது. திறந்து அப்படியே ஊற்றி, கம்பால் நன்றாகக் கலக்கியும் விட்டேன். கணக்கு டீச்சர் செய்கிற காரியமா இது?

மைதீன் பாய் திரும்பி வந்து வாளியைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு நடுவில் மறைப்புக் கட்டுவார்களே, அந்தப் பச்சை.

"யா அல்லா. என்ன டீச்சர் செஞ்சீய?"

"கொஞ்சம் கூடட்டுமேன்னு…"

அவர் படிக்கட்டில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். பத்து வருஷத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. "நேத்து பின் தெருவுல ஒரு வீட்டுல இதே வேலதான். நீங்க படிச்சவங்கன்னு நெனச்சேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "போவட்டும். இத அடியில ஒரு கோட்டு அடிச்சிருவோம். மேல வார கலரு நல்லாப் பிடிக்கும். புதுசு ஒரு டப்பா வாங்கியாந்துருங்க. பரணுக்குப் போற ஏணிய நான் எடுத்துட்டுப் போறேன்."

எதிர்வீட்டு லில்லி, சுவர் ஈரமாக இருக்கும்போதே வந்து பார்த்துவிட்டாள். "என்ன டீச்சர், கெணத்துக்குள்ள எட்டிப் பாக்க மாதிரி இருக்கு? ஞானம் டீச்சர் வந்தா ஒங்கள வெளிய தொரத்திருவாவ." தெருவுக்கெல்லாம் சொல்லியும் விட்டாள். இரண்டு நாள் ஆட்கள் சும்மா உப்புக் கேட்பதுபோல வந்து கூடத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மழையில் அது காய நாலு நாள் எடுத்தது. காயக்காயப் பளபளப்பு அடங்கிச் சுவர் நிதானத்துக்கு வந்தது. காலையில் பச்சை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. சாயங்காலம் நீலம். வெளியே மழை பெய்த ஒரு பிற்பகலில் கூடத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷம்தான். அறுபத்து மூன்று வயதில் முதன்முதலாக ஒன்றை நானே தேர்ந்தெடுத்திருந்தேன், அது நன்றாகவும் இருந்தது.

அதற்கப்புறம்தான் பயம் வந்தது. ராஜன் சொன்ன முடிவு அந்தச் சுவரில் இருக்கிறது என்று தோன்றியது. அக்கா திரும்பி வர ஒரே ஒரு சாக்கு வேண்டும் என்று காத்திருக்கிறேன். அவள் போவதற்கு ஒரு சாக்கை நானே கூடம் முழுக்க அடித்து வைத்திருக்கிறேன்.

சுவிட்ச்

வாசற்படியில் நின்ற அக்கா உள்ளே வந்தாள். ராஜன் பெட்டியை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து ஒரு முழி முழித்துவிட்டு, நாசரேத்துக்குப் பேருந்து பிடிக்கப் போய்விட்டான். நல்ல தம்பி. ஆபத்து நேரத்தில் நிற்க மாட்டான்.

அக்கா நேராகச் சுவிட்ச் போர்டுக்குப் போனாள். விரலை வைத்து அழுத்தினாள். மின்விசிறி சுற்றியது. டிசம்பர் மாதம், மழைக்குளிர். நிறுத்தினாள். மறுபடி போட்டாள். மறுபடி நிறுத்தினாள்.

"என்னக்கா செய்யுத?"

"ஒண்ணுமில்லட்டி."

அடுக்களைக் கதவு வரை நடந்தாள். வெள்ளை நிலையைத் தொடாமல் நடுவில் நின்றாள். திரும்பி வந்தாள். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். கையால் தடவிப் பார்க்காமல் உட்கார்ந்தாள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

"காப்பி போடுட்டி" என்றாள். சுவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்று முழுவதும் நான் காத்திருந்தேன். மறுநாளும் காத்திருந்தேன். முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்குப் பயறு வறுத்துக்கொண்டிருந்தபோது அக்கா தண்ணீர் குடிக்க அடுக்களைக்கு வந்தாள். அடுக்களை இன்னும் க்ரீம். வாசலைத் தாண்டியதும் அவள் நடை மாறியது. இடது கை சுவரைத் தொட்டது. சுவரைத் தடவிக்கொண்டே மேஜை வரை வந்தாள். மேஜை விளிம்பைத் தேடினாள். வெள்ளைக் கப்பு அவள் கைக்கு முன்னாலேயே இருந்தது. கை அதைத் தட்டிவிட்டது.

கப்பு உடைந்தது. நான் கத்தவில்லை. என் மண்டைக்குள் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. கூடத்தில் தடவவில்லை. இங்கே தடவுகிறாள். அதே கண், அதே அக்கா. மாறியிருப்பது ஒன்றே ஒன்றுதான்.

அடுப்பை அணைத்தேன். "அக்கா, என் மூஞ்சி ஒனக்குத் தெரியுதா?"

அவள் என் கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்துப்போய் அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தினாள். நெற்றியிலிருந்து தாடை வரை பார்த்தாள்.

"இங்கன தெரியுது" என்றாள்.

புது வீடு

கண்ணில் அழுத்தம். பக்கவாட்டுப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடுமாம், நடுவில் மட்டும் மிஞ்சுமாம். டாக்டர் சொல்லி நாலு வருஷம் ஆகிறது. சொட்டு மருந்தை உள்பாவாடைகளுக்கு நடுவில் ஒளித்து வைத்து விட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வேதம் வாசிக்க நடுப் பார்வை போதும். வெளுத்த சுவரில் வெளுத்த கதவு எங்கே தொடங்குகிறது, வெள்ளை விரிப்பில் வெள்ளைத் தட்டு எங்கே முடிகிறது, அது தெரியாது.

"சொல்லியிருக்கலாம்லாக்கா?"

"சொன்னா நீ என் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவ. தெருவு பூரா பாக்கும்."

"அதுக்காக ராஜன் வீட்டுக்குப் போனியா?"

"இது நம்ம வீடுட்டி. நாப்பது வருஷம் பொழங்குன வீட்டுல போய் முட்டுனா, என்னன்னு கேப்பாங்க. அங்கன அது புது வீடு. எதத் தட்டுனாலும், வீடு இன்னும் பழகலன்னு சொல்லிக்கலாம். எட்டு மாசமா அதத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்."

நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். போதகரம்மா முன்னால் கத்தியது எனக்கு நினைவு வந்தது. மன்னிச்சிரு என்றேன். எட்டு மாதமாக வராத வார்த்தை, அன்றைக்கு வந்துவிட்டது. அவள் என் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தாள்.

"ஆனா இந்தக் கலரு சகிக்கலட்டி" என்றாள். "மாட்டுத் தொட்டிப் பாசி மாதிரி இருக்கு. கண்ணு தெரியுதேன்னு பேசாம இருக்கேன்."

இருபத்தாறாம் தேதி

கிறிஸ்துமஸ் நன்றாகப் போயிற்று. வந்தவர்களுக்கெல்லாம் அக்காவே கூடத்தில் கேக் எடுத்துக் கொடுத்தாள். ஒரு துண்டுகூடக் கீழே விழவில்லை. இனி அவள் போக மாட்டாள் என்று நான் முடிவே செய்துவிட்டேன்.

இருபத்தாறாம் தேதி காலை எழுந்து பார்த்தால் அக்கா பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது?"

"ஒரு கூடத்த வச்சுக்கிட்டு எத்தன நாள் ஓட்டுவ? இன்னும் ரெண்டு வருசத்துல நடுவுல இருக்கதும் போயிரும். அப்ப ஒனக்கு அறுவத்தஞ்சு. கெழவிய கெழவி பாக்கவா? ராஜன் வீட்டுல ஆளு இருக்கு. அவன்ட்ட இதச் சொல்லாத. என் மேல ஆணையா சொல்லாத."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அழுதும் பார்த்தேன். ஹெட்மிஸ்ட்ரஸ் ஒருமுறை கையெழுத்துப் போட்டுவிட்டால் அவ்வளவுதான். பெட்டியை அவளே இழுத்துக்கொண்டு போய் வாசலில் வைத்தாள்.

ராஜன் மூன்று மணிக்கு வந்தான். ஆட்டோவை வெளியே நிறுத்தி வைத்திருந்தான். நாசரேத்தில் நன்றாகச் சாப்பிட்டிருந்தான் போல, முகத்தில் தெளிவு இருந்தது. வாசலில் இருந்த பெட்டியைப் பார்த்துவிட்டு உள்ளே வந்து, கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, "அப்ப போவோமாக்கா? வீட்டு விசயத்த அங்கன போயி சாவகாசமா பேசிக்குவோம்" என்றான்.

அக்கா நாற்காலியிலிருந்து எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவனையே பார்த்தாள். பைய அவன் பக்கத்தில் போனாள். கையைத் தூக்கி அவன் தலைமுடியைத் தொட்டாள்.

"ஏல ராஜா, தல பூரா நரச்சிட்டேல. எப்பல நரச்சுது?"

ராஜன் தலைக்குச் சாயம் அடிப்பதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. அதில் எட்டு மாதம் அக்கா அவன் வீட்டில் இருந்திருக்கிறாள். மூன்று வேளையும் அவனுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள்.

அவன் என்னைப் பார்த்தான். நான் ஆணைக்குக் கட்டுப்பட்டவள், ஒன்றும் சொல்லவில்லை. அவன் தலையை அவள் கைக்கு வாகாகக் குனிந்து கொடுத்தான். கொஞ்ச நேரம் குனிந்தபடியே இருந்தான்.

"இப்பத்தான்க்கா" என்றான். நிமிர்ந்து, தான் சாய்ந்திருந்த சுவரைத் திரும்பிப் பார்த்தான்.

பிறகு வாசலுக்குப் போய் ஆட்டோக்காரரிடம் ஏதோ சொல்லி அனுப்பிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தான்.